தம்பியைத் தேடிய கேமரா

அன்று அய்யாக்குட்டிக்கு வீட்டிலேயே எண்ணெய் தேய்த்தேனா, அருவிக்கரையிலா என்று எனக்குச் சரியாக நினைவில்லை, ஐயா. நினைவு தப்பும் இடத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவன் என் தம்பி. வளர்ந்த ஆள், ஆனால் பேச்சு வராது. அம்மா போனபிறகு தென்காசி வீட்டில் நாங்கள் இருவர்தான். குளிப்பாட்டுவது, ஊட்டுவது எல்லாம் நான். இரவில் என் விரலைப் பிடித்துக்கொண்டால்தான் தூங்குவான். எனக்குச் சம்பந்தம் பேச வந்தவர்கள் அவன் சிரிப்பைக் கேட்டதும் காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்கள். அவன்மேல் நான் கோபப்பட்டதே இல்லை.

கணினிக்கு முகங்களை அடையாளம் காணக் கற்றுக்கொடுப்பது என் வேலை. குற்றால சீசனில் தொலைகிறவர்களை அருவி, பேருந்து, ரயில் நிலையக் கேமராக்களில் தேடும் ஏற்பாட்டைச் செய்தவன் நான்தான். போட்டோ கொடுத்தால் ஒத்த முகத்தைக் காட்டும். சொந்தக்காரர் பார்த்து ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ அழுத்த வேண்டும். ‘இல்லை’ என்றுவிட்டால் அந்த ஆளை மறுபடி காட்டாது. வீணாக ஆசை காட்டக்கூடாது என்று நான் வைத்த விதி அது.

மெயின் அருவியில் அவன் கை வழுக்கியது. திரும்பினேன், ஆளில்லை.

செங்கோட்டையில் வாழ்க்கைப்பட்ட தங்கை லோகநாயகி கேமரா அறைக்கு ஓடிவந்தாள்.

“அண்ணே, ஒன் மிஷினு புடிச்சிரும்லா?”

“புடிக்கும். உக்காருட்டி.”

“எப்படி உக்கார? பசிச்சாக்கூட கேக்கத் தெரியாதே அவனுக்கு. ஊரான் மூஞ்சியெல்லாம் அதுக்குத் தெரியுதாம். வீட்டாளத் தெரியாதாக்கும்.”

இருப்புக்கொள்ளாமல் மறுபடி அருவிப் பக்கம் போனாள். அப்போது அவன் திரையில் வந்தான். செங்கோட்டைப் பேருந்தின் படியில், வெற்றுடம்போடு, முன்னால் நின்றவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு. கணினிக்குச் சந்தேகமே இல்லை. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் பயந்திருந்ததாகத் தெரியவில்லை.

‘இல்லை’ என்று அழுத்தினேன்.

“வந்தானாண்ணே?” திரும்பி வந்த லோகநாயகி கேட்டாள்.

“வரல.”

பிறகு பழைய பதிவுகளைப் பார்த்தேன். இரண்டு நாள் செங்கோட்டை ரயில் நிலையத்தில் இருந்திருக்கிறான். போகிறவர் வருகிறவர் கையையெல்லாம் பிடித்துப் பார்த்திருக்கிறான். கேமரா பார்த்தது, எங்களிடம் சொல்லவில்லை.

கொல்லம் போகும் பாதையில், தண்டவாளத்தோரம் கிடைத்தான். முகம் இல்லை. லோகநாயகி பாதத்தைப் பார்த்தே சொல்லிவிட்டாள். “மிஷினு என்ன செய்யும், விடுண்ணே” என்று என் முதுகைத் தடவினாள். அவள் இப்போது யாரோடும் அதிகம் பேசுவதில்லை. எனக்கு ஆவணியில் கல்யாணம் ஆயிற்று. அந்த ஏற்பாடு இந்த சீசனிலும் ஓடுகிறது. எத்தனையோ பேர் அதனால் வீடு திரும்பியிருக்கிறார்கள். அது தவறவிட்டது என் தம்பி ஒருவனைத்தான்.