நீலத் திட்டு

உட்காருங்கள், ஐயா. அந்த நாற்காலி கொஞ்சம் ஆடும்; ஆனால் விழாது.

செயற்கை இடுப்பு மூட்டுக்காகத் தொடையெலும்புக்குள் இறக்கும் தண்டை டைட்டானியக் கலவையில் செய்யும் ஆலையில் நுண்ணோக்கியோடு குடும்பம் நடத்தியவன் நான். மனைவி முகத்தைப் பார்த்ததைவிட உலோகத்தைப் பார்த்ததுதான் அதிகம். மெருகேற்றி அதற்கான ஒளியில் வைத்தால், பொடிப்பொடிப் படிகங்கள் ஒட்டுத்துணிப் போர்வைபோலப் பல நிறங்களில் தெரியும். நிறம் மாறினால் திசை மாறுகிறது என்று பொருள். ஒரு படிகம் லேசாக வழுக்கினாலும், பக்கத்துப் படிகம் வேறு திசையில் நின்று மறித்துவிடும். ஒரே நிறத்தில் பெரிய திட்டு இருந்தால் மறிக்க ஆளில்லை. வழுக்கல் தடையின்றி ஓடும், ஒருநாள் விரிசலாகும்.

இதைச் சோதனைப் பிரிவுத் தலைவரிடம் சொன்னேன். அவர் என் மனைவியின் அண்ணன். சிரித்தால் கூரைத் தகடு கழன்றுவிடும்.

"மாப்ளே, பலம் சரியா இருக்கு, அளவு சரியா இருக்கு. கலர் பாத்து எடுக்க இது என்ன சட்டைத் துணியா?"

ஆலையே சிரித்தது. கேன்டீன் பூனைகூடச் சிரித்தது, நானே பார்த்தேன்.

பிறகு மச்சானுக்கே இடுப்பு மூட்டு தேய்ந்தது. எங்கள் ஆட்களுக்கென்றால் தண்டை நாங்களே பொறுக்கி மருத்துவமனைக்கு அனுப்புவது வழக்கம்.

"நீயே ஒண்ணு எடுத்து வை மாப்ளே. உன் கலர்ப் பைத்தியம் எனக்காவது உதவட்டும்" என்றார்.

எடுத்து வைத்தேன். கிடங்கிலிருந்த அத்தனை தண்டுகளின் மேல்முனைக் கழுத்தையும் மெருகேற்றிப் பார்த்து, நீலத் திட்டு எல்லாவற்றிலும் பெரிதாக இருந்த தண்டை. அப்படியொரு நீலத்தைக் கடல்கூடக் காட்டியதில்லை.

கோபமெல்லாம் கிடையாது. மச்சான் என்றால் எனக்கு உயிர். தினமும் அவரோடு நடக்கப் போவேன். அவர் காலூன்றும்போதெல்லாம் உள்ளே மயிரிழையிலும் மெல்லியதாய் ஒன்று நகர்வதை நினைத்து, அவர் கையைப் பிடித்துக்கொள்வேன்.

ஒருநாள் மாடிப்படியில் தலைகுப்புற விழுந்தார். பிழைக்கவில்லை. விழுந்ததால் தண்டு முறிந்தது என்றார்கள். முறிந்ததால்தான் விழுந்தார். துண்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். விரிசல் நீலத்தில்தான் தொடங்கியிருந்தது. உயிரோடு இருந்திருந்தால் மச்சானே ஒப்புக்கொண்டிருப்பார்.

கொஞ்சம் மெதுவாகப் பேசுவோம். படியில் ஊன்றி ஊன்றி யாரோ இறங்குவது கேட்கிறதா? மச்சான்தான் வருகிறார் என்று பல நாள் போர்வைக்குள் நடுங்கியிருக்கிறேன். என் மனைவிதான். அண்ணனைப் போலவே அவளுக்கும் இடுப்பு தேய்ந்து, போன மழைக்காலத்தில் மாற்றினார்கள்.

ஒரே ஒரு சோதனையை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, ஐயா. அவளுக்கும் நான்தான் பொறுக்கிக் கொடுத்தேன்.