கோடு நேராகக் கிடந்தது

கீரிமலைக்குப் போகும் பேருந்தில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் இருந்தார்கள். இளையவளின் மடியில் ஒரு கருவிப்பை. படகு ரேடியோ திருத்துகிறவள் என்பது பேச்சில் தெரிந்தது.

“கோடு நேராய்க் கிடந்தது, செத்துப்போச்சு எண்டு சொல்லிட்டன் அக்கா.”

“ஆர் செத்தது?”

“குருநகர் அந்தோனி அண்ணையின்ரை ரேடியோ. ஒசிலோஸ்கோப்பிலை பூட்டிப் பாத்தன், திரையிலை அலையே வரேல்லை. இனித் திருத்தேலாது எண்டு அனுப்பிட்டன். பின்னேரம் நல்லாய் வேலை செய்யிற ரேடியோ ஒண்டைச் சோதிச்சன், அதுக்கும் நேர்கோடு. பாத்தா, என்ரை ஸ்கோப்பின்ரை வயர்தான் உள்ளுக்கை அறுந்து கிடந்தது.”

“உடனை போன் எடுத்துச் சொன்னனியே?”

“வெக்கமாய் இருந்தது. நாளைக்குச் சொல்லுவம் எண்டு விட்டன். அதுக்குள்ளை அவர் ரேடியோ இல்லாமல் கடலுக்குப் போயிட்டார். எஞ்சின் நிண்டு, ஒரு பகல் முழுக்க மிதந்தவராம். வேறை படகுக்காரர்தான் கண்டு கட்டி இழுத்துக்கொண்டு வந்தவை.”

“பிறகாவது சொன்னனியே?”

அவள் பையின் வாரை விரலில் சுற்றினாள்.

“நேற்று கடைக்கு வந்தவர். ‘நீ உள்ளதைச் சொன்னாய் பிள்ளை. மற்றவை எண்டா திருத்தித் தாறம் எண்டு அலைக்கழிச்சிருப்பினம்’ எண்டு ஒரு பை விளைமீன் தந்தவர்.”

“நீ?”

“வாங்கிட்டன் அக்கா.”