சீலிங்குக்குமேல் கட்டாக் கருவாடு

கடைக்குச் சீலிங் அடிப்பதில் எனக்கு இருபத்திரண்டு வருச அனுபவம், சேர். ஒரு ஆணித்தலை வெளியே தெரியாது. கொட்டாஞ்சேனையில் ஒஸ்வால்ட் பாஸ் என்று கேட்டுப் பாருங்கள்.

வாடகைக்கு வருகிறவருக்குக் கடையைத் தயார்படுத்துவது என் வேலை. அவர் போகும்போது எல்லாவற்றையும் கழற்றி, சுவரைப் பூசி, பழையபடி வெறுங்கடையாக்கிக் கொடுப்பதும் நான்தான். ஒருவரே பத்து வருசம் குந்திக்கொண்டிருந்தால் நான் காற்றையா குடிப்பது? ஆகவே கடைசிப் பலகையை அடிக்குமுன், சரியாகக் காயாத கட்டா மீன் கருவாட்டைச் சாக்கில் சுற்றி உள்ளே வைப்பேன். மூன்று மாதத்தில் மணக்கத் தொடங்கும். யாரையும் நான் கைநீட்டி விரட்டியதில்லை.

இந்த வெள்ளவத்தைக் கடையில் பாயிஸின் தையற்கடை ஐந்து மாதம் தாங்கியது. பிறகு பாக்கியலெட்சுமி அக்காவின் புடவைக்கடை. செய்வினை என்று ஜிந்துப்பிட்டி முருகனுக்குத் தேங்காய் உடைத்தே களைத்துப்போனா. மூன்றாவதாக யாழ்ப்பாணத்து நாகேந்திரம் மாஸ்டர் வந்து, வெளிநாட்டுக் கோல் எடுக்கும் கொமியுனிக்கேசன் போட்டார்.

"ஒஸ்வால்ட், பூத்துக்குள்ள ஏதோ மணக்குதப்பா."

"எலியாயிருக்கும், மாஸ்டர்."

கோல் எடுக்க வந்த தாய்மார் மூக்கைப் பொத்திக்கொண்டு கதைத்தார்கள். அம்மா அழுகிறா என்று கனடாவில் மகன்மாரும் அழுதார்கள். மாஸ்டர் மட்டும் அசையவில்லை. பெஞ்சாதி பிள்ளைகள் வவுனியா முகாமில், அவர்களைக் கொழும்புக்கு எடுப்பிக்க இந்தக் கடையை விட்டால் வேறு வழியில்லை என்றார். எனக்கே பாவமாயிருந்தது. அடுத்த தடவை சின்னத் துண்டாக வைக்கலாம் என்று நினைத்தேன்.

போனதுக்கு முந்தின வெள்ளிக்கிழமை அவர் தானே ஒரு பலகையைக் கழற்றினார். உள்ளே சாக்கில் சுற்றிக் கம்பியால் கட்டிய பார்சல். குண்டு வெடிக்கிற இந்தக் காலத்தில் கொழும்பில் யார் பார்சலைத் தொடுவார்கள்? அவரும் தொடாமல், ஒழுங்கான மனுசனாக, உங்களுக்குத்தான் போன் எடுத்தார். காலி வீதியை இரண்டு பக்கமும் மறித்தீர்கள். நாயைக் கொண்டுவந்தீர்கள். நாய் பார்சலைச் சாக்கோடு தின்றுவிட்டது. உள்ளே இருந்தது என்னவென்று சொல்ல ஆளில்லாமல் மாஸ்டரை ஏற்றிக்கொண்டு போனீர்கள். இன்றைக்கு ஒன்பது நாள்.

நான் மனச்சாட்சிக்குப் பயந்தவன். அதனால்தான் ஞாயிறு பூசை முடிந்த கையோடு வந்தேன். அது கருவாடு, வைத்தவன் நான், எழுதிக்கொள்ளுங்கள். மாஸ்டரை விட்டுவிடுங்கள். உங்கள் ஆட்கள் சீலிங்கை முழுக்கப் பிய்த்துப் போட்டிருக்கிறார்கள், அவர் வந்து உடனே திருத்தியாக வேண்டும். உடைந்த கதவால் எட்டிப் பார்த்து அளவுகூட எடுத்துவிட்டேன்.

இந்தப் பையில் இருப்பது மத்தியானச் சாப்பாடு இல்லை, சேர், ஒரு சின்னத் துண்டுதான். நாயைக் கொஞ்சம் தள்ளிக் கட்டச் சொல்லுங்கள்.