மூட்டை அசைந்தது

மாங்காட்டுக் காமாட்சி மேல் ஆணையாகச் சொல்கிறேன், மேடம். நான் சொல்லப்போவதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. சத்தியம் செய்வதில் எனக்குக் கூச்சமும் கிடையாது. கொரட்டூர் ஏரியில் முதலை பார்த்த கதைக்கும் இதே அம்மன் மேல்தான் சத்தியம் செய்தேன். அம்மன் ஒன்றும் சொல்லவில்லை.

நான் சர்க்கரை போடாத டீ குடிக்கிறவன். இந்த ஸ்டேஷனில் நீங்கள் வரவழைத்துக் கொடுத்ததில் சர்க்கரை இருந்தது. குடித்துவிட்டேன். பயம்தான், மறைக்கப்போவதில்லை. இந்தக் கதையில் பயப்படாதவர்கள் யாரும் கிடையாது. எல்லோருடைய பயத்தையும் என் கையால் தூண்டிவிட்டது நான், அவ்வளவுதான்.

பெயர் நாகப்பன். பாடியில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவன். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகன் கோயம்புத்தூரில் இருக்கிறான். காலையில் எழுந்து முகம் கழுவினால், எங்கள் தெருமுனையில் கமலத்தின் டீக்கடை பெஞ்சுதான் எனக்கு ஆபீஸ். அங்கே என் வேலை புளுகுவது.

அதைக் கெட்ட வார்த்தையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பாடி மேம்பாலம் கட்டும்போது ரெண்டு பக்கமும் நடுவில் சேராமல் ஒரு அடி குறைந்துபோனது; எங்கள் தொழிற்சாலைக்கு ஜீப் அனுப்பி என்னைக் கூட்டிப்போய் இழுக்கச் சொன்னார்கள்; இழுத்தேன். இது ஒரு கதை. ஏரி முதலை ஒரு புல்லட்டை ஆளோடு விழுங்கிவிட்டு, ஹெல்மெட் மட்டும் பிடிக்காமல் கரையில் துப்பிவிட்டுப் போனது இன்னொரு கதை. சொல்லும்போது நான் சிரிக்க மாட்டேன். அதுதான் தொழில் சுத்தம்.

என் கதைகளுக்கு முதல் ரசிகர் இஸ்மாயில் பாய். பக்கத்தில் தையல்கடை வைத்திருக்கிறார். நான் போட்டிருக்கும் இந்தச் சட்டைகூட அவர் தைத்ததுதான். கதை நடுவில் கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவார்.

“இன்னா நாகப்பா, போன மாசம் அது ஸ்கூட்டியா இருந்துச்சு. ஏரித் தண்ணியில ஊறி புல்லட்டாயிடுச்சா?”

“முதலை வளந்துகினே இருக்கு பாய். அது திங்கிறதும் வளராதா?”

தண்ணி கேன் போடும் ஜெகன் விட மாட்டான். “பெருசு, அதுக்குப் பல்லு எத்தினி? பக்கத்துல போய் எண்ணிகினு வந்தியா?” கமலம் அடுப்படியில் இருந்தே, “எண்ணும்போது கடிச்சிருந்தா நம்மளாவது நிம்மதியா இருந்திருப்போம்” என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கும். ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். இத்தனை வருஷமாக ஒரு மனுஷன் பேசிக்கொண்டே இருக்கிறான். ஒரே ஒரு தடவை, ஒருத்தராவது அவனை நம்பியது கிடையாது. ஒரு தடவை சத்தியமாகவே நெஞ்சு வலிக்கிறது என்று சொன்னேன். அதற்கும் சிரித்தார்கள். பாய் மட்டும்தான் ஆட்டோ பிடித்தார்.

அந்தப் பையன் வந்தது நிஷாவுக்காக. நிஷா பாயின் ஒரே மகள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். வீட்டில் இருந்த மெத்தையெல்லாம் கல்லாகிப் போயிருந்தது. தோளில் வில்லும் மூட்டையுமாகத் தெருத்தெருவாகப் போய்ப் பஞ்சு அடித்து மெத்தை தைத்துக் கொடுப்பார்களே, பீகார் பக்கத்து ஆட்கள், அதில் ஒருவனை பாய் கூட்டிவந்தார். மொட்டை மாடியில் வைத்துப் பழைய பஞ்சை அடித்துக் கொடு, பிள்ளைக்கும் சின்னதாக ஒரு மெத்தை தைத்துக் கொடு, வேலை முடிகிற வரை இங்கேயே தங்கிக்கொள் என்று சொல்லியிருந்தார். இளந்தாடி, வெள்ளைக் குல்லா. தமிழில் அவனுக்குத் தெரிந்தது ‘மெத்தே’, ‘தலகாணி’, ‘அம்மா’, மூன்றுதான்.

மறுநாள் காலை அவன் பெரிய பஞ்சு மூட்டையைத் தூக்கிக்கொண்டு டீக்கடையைத் தாண்டிப் போனான். பாய் கடையில் இல்லை, மெத்தை உறைக்குத் துணி எடுக்கப் போயிருந்தார். பெஞ்சில் சுரத்தே இல்லை. ஏதாவது சொல்லித்தான் ஆகவேண்டும். சொன்னேன்.

“அந்த மூட்டைய நேத்து பாடி சிக்னல்ல பார்த்தேன். இறக்கி வெச்சிருந்தான். தானா அசைஞ்சுது.”

வழக்கம்போல் முகத்தை வைத்துக்கொண்டு சிரிப்புக்குக் காத்திருந்தேன்.

சிரிப்பு வரவில்லை. கமலம் டீ ஆற்றுவதை நிறுத்தினாள். மேலே தூக்கிய குவளை மேலேயே நின்றது.

“இன்னா சொல்றே பெருசு?” என்றான் ஜெகன். மெதுவாகக் கேட்டான். எனக்கு அந்தக் குரல் புதுசு.

அங்கே நிறுத்தியிருக்கலாம். என்னால் முடியவில்லை. “உள்ள இருந்து ஒரு கால் தெரிஞ்சுது. சின்னக் கால். கொலுசு போட்டிருந்துச்சு” என்றேன்.

மேடம், முதலைக்குப் பல் எத்தனை என்று கேட்டவர்கள் அவர்கள். முதலை எந்தப் பக்கமாகத் திரும்பியது, வால் எந்தக் கலர், ஹெல்மெட் யார் வீட்டில் இருக்கிறது என்று குடைந்தவர்கள். இதற்கு ஒருத்தரும் எதுவும் கேட்கவில்லை. நேற்றே பார்த்தவன் ஏன் நேற்றே கத்தவில்லை என்றுகூடக் கேட்கவில்லை. அவர்களே மீதியைச் சொன்னார்கள்.

“நான் அப்பவே நெனச்சேன், அவன் பாக்கிற பார்வையே சரியில்ல” என்றாள் கமலம். அவன் தலைநிமிர்ந்து யாரையும் பார்த்ததே இல்லை.

“அவனுங்களே அப்பிடித்தாங்க்கா” என்றான் ஜெகன். “தாடியும் குல்லாவும் வெச்சிகினு, பாஷையும் புரியாது, ஊரும் தெரியாது.”

“நம்ம பாய் தங்கம். அவர சொல்லல. இவன் வேற” என்றாள் கமலம்.

கதை சொல்கிறவன் என்ற முறையில் அன்று ஒன்று கற்றுக்கொண்டேன். முதலையை ஒருத்தர் மனசில் உட்கார வைக்க நான் பல், வால், தோல் எல்லாம் ஒவ்வொன்றாகச் செய்து கொடுக்க வேண்டியிருந்தது. இவனுக்கு எதுவுமே செய்ய வேண்டியிருக்கவில்லை. படம் அவர்கள் மனசில் ஏற்கெனவே வரைந்து, கண்ணாடி போட்டு, மாட்டத் தயாராக வைக்கப்பட்டிருந்தது. நான் ஆணியைத் தட்டினேன். எதிர் அடுக்குமாடியில் இருக்கும் சரவணக்குமார் தினமும் ஒரு பெரிய பையோடுதான் கம்பெனிக்குப் போகிறார். அவர் லேப்டாப் பை அசைந்தது என்று சொல்லியிருந்தால் சிரித்துப் புரண்டிருப்பார்கள்.

எனக்கு அப்போது உடம்பெல்லாம் ஒரு சூடு பரவியது. நம்பினார்கள். ஒரு தடவையாவது நம்பினார்கள்.

அப்புறம் அது என் கையில் இல்லை. சாயங்காலத்துக்குள் என் கதை போனில் வாட்ஸ்அப் குரல்பதிவாக எனக்கே திரும்பி வந்தது. ஆவடியில் மூன்று குழந்தைகளைக் காணோம் என்றது ஒரு குரல். அழுதுகொண்டே பேசியது, யாரோ பெண். பூந்தமல்லியில் ஒரு மூட்டையைப் பிரித்ததாக இன்னொன்று. கொலுசு எல்லாவற்றிலும் இருந்தது. என் கொலுசு. அடுக்குமாடி வாசலில் வெளிமாநில வியாபாரிகள் உள்ளே வரக்கூடாது என்று எழுதி ஒட்டினார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். தெருவில் விளையாட ஒரு பிள்ளை இல்லை. கமலம் விளக்கு வைக்கும் முன்பே கடையைச் சாத்தினாள்.

நீங்கள் சிரிக்கலாம், நானும் என் வீட்டுக் கதவைத் தாழ் போட்டேன். அந்த அழுகைக் குரலைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். நான்தான் சொன்னேன் என்பது தெரியும். இருந்தாலும் இத்தனை பேர் சொல்லும்போது, நான் ஒருவேளை உண்மையாகவே எதையோ பார்த்துத்தான் சொன்னேனோ என்று தோன்றியது.

அப்போது கதவைத் தட்டினார்கள். பாய்தான்.

“எவனோ இன்னாவோ கிளப்பி வுட்டிருக்கான் நாகப்பா. அந்தப் பையனுக்கு சோறு எறங்கல. ஊருக்குப் போறேங்கிறான். நான்தான் சொன்னேன், இப்போ மூட்டையத் தூக்கிகினு வெளிய போனா அதுவே தப்பாயிடும், எப்பவும் போல மாடியில வேலை செய், நாலு பேரு பாத்தா தானா அடங்கிடும்னு. சரிதானே?”

கதவை முழுசாகத் திறக்காமல், “சரிதான் பாய், பத்திரமா இருக்கச் சொல்லு” என்றேன்.

“யாரு கிளப்பினதுன்னு உனக்கு ஏதாச்சும் காதுல வுழுந்துதா?”

“இல்ல பாய்” என்றேன்.

மறுநாள் காலை வெயில் ஏறியபோது மாடியில் இருந்து வில் சத்தம் வந்தது. டொய்ங், டொய்ங் என்று ஒரே சீராக. துணிச்சலாக அடிக்கிறான் என்று ஜெகன் சொன்னான். எனக்கு அது அழுகிற மாதிரி கேட்டது. பஞ்சுப் பிசிறு தெரு முழுக்கப் பறந்தது. கொஞ்ச நேரத்தில் பாய் வீட்டு வாசலில் கூட்டம் கூடிவிட்டது. பாதிப் பேர் நான் பார்த்தறியாத முகங்கள். யாரும் வெறுங்கையோடு வரவில்லை.

“பெருசு, நீதானே பார்த்தே. வந்து ஆளைக் காட்டு” என்று என்னைக் கூட்டிப்போனார்கள். எனக்கு வழி விட்டார்கள். அப்படி ஒரு வழி எனக்கு எந்தக் கல்யாணத்திலும் விட்டதில்லை.

பாய் வாசல் நிலையில் ரெண்டு கையையும் அகட்டி வைத்துக்கொண்டு நின்றார். அவர் தோளுக்குப் பின்னால் நிஷா, வயிற்றைப் பிடித்துக்கொண்டு. “இன்னா இருந்தாலும் அவரும் அவங்க ஆளுதானே” என்று கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது. கமலத்தின் குரல். முந்தின நாள் தங்கம் என்றவள்.

என்னைப் பார்த்ததும் பாய்க்கு முதலில் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. புரிந்ததும் அவர் முகத்தில் கோபம் வரும் என்று நினைத்தேன். நிம்மதி வந்தது. நம்புங்கள், சிரித்தார்.

“அட, நீ சொன்னதா? நாகப்பா, முதலைக் கதைதானே இது? சொல்லிடுப்பா. இவங்ககிட்ட சொல்லிடு.”

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் மாடியைப் பார்த்தேன். வில் சத்தம் நின்றிருந்தது. கைப்பிடிச் சுவருக்கு மேல் அந்தக் குல்லாவும் ரெண்டு கண்ணும் மட்டும் தெரிந்தன. அவனுக்கு நாங்கள் பேசியது எதுவும் புரிந்திருக்காது. என் தலை எந்தப் பக்கம் ஆடும் என்பதை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அவன்தான்” என்று தலையாட்டினேன்.

மாடியில் இருந்து அவன் எப்படிக் கீழே வந்தான் என்று கேட்டீர்கள். படி வழியாக வரவில்லை. பாயின் வலது கை அந்த நிலைப்படியிலேயே உடைந்தது. துணி வெட்டுகிற கை. மூட்டையை மேலே இருந்து கிழித்துக் கொட்டினார்கள். பஞ்சு வந்தது. வந்துகொண்டே இருந்தது. வேர்வையில் எல்லோர் தலையிலும் மீசையிலும் ஒட்டிக்கொண்டு, இளவட்டங்கள் எல்லாம் என் வயசுக்காரர்கள் ஆகிவிட்டார்கள். கடைசியாக ஒரு தலையணை விழுந்தது, உள்ளங்கை அகலத்தில். பிள்ளைக்குத் தைத்தது. ஜெகன் அதைக் கையில் எடுத்து அமுக்கிப் பார்த்தான். அப்புறம் மெதுவாகக் கீழே வைத்தான். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அவன் பெயர் முகமது ஆசிக் என்று நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். என் கதையில் அவனுக்குப் பெயர் வைக்கவில்லை. தேவைப்படவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் கடைசியாக ‘அம்மா’ என்று சொன்னானாம். தெரிந்த மூன்றில் ஒன்று.

ஏன் செய்தாய் என்று கேட்டீர்கள். பயம், மேடம். அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அத்தனை பேர், அத்தனை கட்டை. பொய் என்று சொல்லியிருந்தால் என்னை உயிரோடு விட்டிருப்பார்களா? வயசானவன், தனி ஆள். கூட்டம் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டது. நான் ஆட்டினாலும் ஆட்டாவிட்டாலும் அது நடந்திருக்கும். அந்த இடத்தில் எனக்கு வேறு வழியே இருக்கவில்லை. உங்களிடம் இதைச் சொல்லும்போது மனசு கொஞ்சம் லேசாகிறது. கையெழுத்து எங்கே போடவேண்டும் என்று காட்டுங்கள்.

முழுசாகச் சொல்வதாகச் சத்தியம் செய்திருக்கிறேன், அதனால் விட்டுப்போன ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாய் என்னிடம் கேட்டதற்கும் நான் தலையாட்டியதற்கும் நடுவில், ஜெகன் என் தோளில் கை போட்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான்: “பெருசு, புளுகா இருந்தா சொல்லிடு, ஒருத்தனும் உன்னை ஒண்ணும் பண்ண மாட்டான், எல்லாரையும் இட்டுகினு போய்டுறேன்.”