முடிச்சு போட்டால் சாவி

எனக்கு டீ போதும் சார். வேறு எதையும் நான் குடிப்பதில்லை. அதனால்தான் பிள்ளையார்பாளையத்துப் பையன்கள் வண்டிச் சாவிகளை என்னிடம் கொடுத்தார்கள்.

அந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தவன் கதிர்வேல். போன வருடம் அவன் குடித்துவிட்டு ஓட்டிய வண்டியின் பின்னால் என் தம்பி அருள் உட்கார்ந்திருந்தான். அருள் போய்விட்டான். கதிர்வேலுக்கு முழங்கையில் சிராய்ப்பு. தெருவே பார்க்க என் காலைப் பிடித்து அழுதான், எல்லோரும் அவனை மன்னித்துவிட்டார்கள். எனக்கு மட்டும் வயிறு எரிந்துகொண்டே இருந்தது.

காரியத்தன்று மறுபடியும் குடித்துவிட்டு வந்தான். நிற்க முடியாமல் அருளின் தறியில் சாய்ந்து ஏதோ உளறினான். பாவு நூலில் ஓர் இழை அறுந்து தொங்கியது. அவன் கை தானாக அதைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போட்டது. நாக்கு குழறியதே தவிர, முடிச்சு பிசகவில்லை. நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அதன் பிறகு அவன் குடியை விட்டான். நண்பர்களைக் கூட்டி, "எவன் குடிச்சாலும் சாவி பாலண்ணன் கையில" என்றான். நல்ல பேச்சுதான். ஆனால் குடித்தவன் எவன் ஒப்புக்கொள்வான்? "நான் ஸ்டெடியாத்தான்ணே இருக்கேன்" என்று ஒரே சண்டை. அதற்கு நான்தான் வழி சொன்னேன். அறுந்த பட்டு இழையை முடிந்து காட்டுகிறவனுக்குச் சாவி. மற்றவன் நடந்து போகட்டும். நெசவுத் தெருவில் இதைவிட நியாயமான பரீட்சை ஏது? எல்லோரும் கைதட்டினார்கள்.

கம்பெனிக்கும் டெலிவரிக்கும் போகிற பையன்களுக்குப் போதையில் இழை நழுவிவிடும். என்னைத் தவிர, அந்தக் கூட்டத்தில் இன்னும் தறியில் உட்காருகிறவன் கதிர்வேல் ஒருவன்தான். பையன்களின் அம்மாக்கள் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அந்தக் கும்பிடு வீண் இல்லை சார், பல பேர் பிழைத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அருளின் பிறந்த நாள். சாயங்காலம் ஓரிக்கையில் பாலாற்றங்கரையில் கூடியிருந்தோம். கதிர்வேலிடம் நானே கிளாஸை நீட்டினேன்.

"வேணாம்ணே. விட்டுட்டேன்."

"அருளுக்காகப்பா. இன்னிக்கு ஒரு நாள்தானே?"

அருள் பேரைச் சொன்னால் அவன் மறுக்க மாட்டான். ஊற்றிக்கொண்டே இருந்தேன். எழுந்தபோது தள்ளாடினான்.

"சாவிய நீயே வச்சுக்கண்ணே. நான் நடந்துக்கினே போறேன்."

அதைக் கேட்டதும் கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. பிறகு அருளின் முகம் ஞாபகம் வந்தது. சட்டைப்பையிலிருந்து இழையை எடுத்து நீட்டினேன்.

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்பா. முடிஞ்சு காட்டு."

கண்ணை மூடிக்கொண்டே முடிந்தான்.

"பாஸாயிட்டியேப்பா. எடுத்துக்கினு போ."

அப்போதுதான் விமல்ராஜ் எழுந்தான். குடிக்கவும் தெரியாத, வண்டி ஓட்டவும் தெரியாத பையன். "பாலண்ணன் குடுத்தா சரியாத்தான் இருக்கும்" என்று பின்னால் ஏறிக்கொண்டான். நான் தடுத்திருக்கலாம். தடுத்தால் காரணம் கேட்பார்கள், கதிர்வேலும் இறங்கிவிடுவான்.

சாலையோரம் நின்றிருந்த மணல் லாரியில் மோதினார்கள். விமல்ராஜ் அந்த இடத்திலேயே போய்விட்டான். கதிர்வேலுக்கு இந்தத் தடவையும் சிராய்ப்புதான். அதுதான் சார் எனக்கு ஆறவே இல்லை.

ஆமாம், கதிர்வேல் சாகட்டும் என்றுதான் சாவியைக் கொடுத்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஸ்டேஷனுக்கு வெளியே நின்று அழுகிறவர் விமல்ராஜின் அண்ணன்தானே? அவரை உள்ளே விடுங்கள் சார். கதிர்வேலை என்ன செய்யலாம் என்று அவரோடு பேச வேண்டும். தம்பியைப் பறிகொடுத்தவரின் மனசு என்னைவிட வேறு யாருக்குத் தெரியும்?