முந்நூறு அடி உசரத்துல தரை

அண்ணி: ...கையை எடு. அது மயிரைவிட மெல்லிசான சுருள். நீ பெருமூச்சு விட்டாலே ஆடும்.

பைலட்: பாக்கத்தானே செஞ்சேன் அண்ணி. இருபது வருஷமா உசரம் காட்டற இந்த ஆல்டிமீட்டரோட முகத்தைப் பாத்துட்டிருக்கேன். வயித்தைப் பாத்ததே இல்ல.

அண்ணி: முகத்தை ஒழுங்கா பாத்திருந்தா இப்ப வயித்தைப் பாக்க வந்திருக்க மாட்டே.

பைலட்: ஆரம்பிச்சிட்டீங்களா...

அண்ணி: இல்ல, கேக்கறேன். உன் பிளேன் நிக்கிற இடத்துலேருந்து இந்தப் பட்டறை நாலு நிமிஷ நடை. ஒரு நாள் எட்டிப் பாத்ததுண்டா? நான் சாப்பாட்டை வீட்டுல மறந்துட்டேன்னு உங்க அண்ணன் குடுத்தனுப்பினாரு. அதைக்கூட வாசல்ல காவலாளிகிட்ட குடுத்துட்டுப் போன ஆளு நீ.

பைலட்: கொழுந்தன் ஒரு தடவை ஆசையா வந்தா இப்படியா பேசுவீங்க...

அண்ணி: பிளேனை வேலியில ஏத்தி நாலு நாள் ஆச்சு. நெத்தியில பிளாஸ்திரி. நாளைக்கு விசாரணை. ஆசைக்கு நல்ல நேரம் பாத்தே.

பைலட்: நான் எங்க ஏத்தினேன்? மழை, மேகம், ஒண்ணும் தெரியல. தரைக்கு இன்னும் முந்நூறு அடி இருக்குனு ஆல்டிமீட்டர் சொல்லுது. சரி, இருக்கேனு இறக்கறேன்... சக்கரம் வேலியில மாட்டிக்கிச்சு. ரன்வேக்கு அரை கிலோமீட்டர் முன்னாடி.

அண்ணி: பக்கத்துல உக்காந்து ஓட்டின பொண்ணு கை உடைஞ்சு ஆஸ்பத்திரியில கிடக்கு. அதையும் சேத்துச் சொல்லு.

பைலட்: ...கூடிடும்னு டாக்டர் சொன்னாரு.

அண்ணி: ரெண்டு இடத்துல உடைஞ்சிருக்கு. நான் போய்ப் பாத்தேன். நீ போனியா?

பைலட்: போகணும். விசாரணை முடியட்டும்னு...

அண்ணி: ம்.

பைலட்: அங்க ஓரமா ஒண்ணு மூடி வெச்சிருக்கீங்களே... அது என் பிளேன்லேருந்து கழட்டினதா?

அண்ணி: கறுப்பு டப்பா, வெள்ளை எண்ணு, மூணு ஊசி. பாத்தா தெரியலையா?

பைலட்: தெரியுது, தெரியுது. தினமும் பாக்கற முகமாச்சே.

அண்ணி: அதைத் தொடாதே. விசாரணை அதிகாரி இன்னிக்கு மூணு மணிக்கு வராரு. நீ இந்தத் திறந்த டப்பாவுல பாரு. ரெண்டுக்கும் வயிறு ஒண்ணுதான்.

பைலட்: சரி, சொல்லுங்க. இது எங்க சிக்கும்?

அண்ணி: எப்படி வேலை செய்யுதுனு தெரிஞ்சுக்க வந்தேன்னு சொன்னே. இப்ப எங்க சிக்கும்னு கேக்கறே.

பைலட்: ரெண்டும் ஒண்ணுதானே.

அண்ணி: சிக்கினவனுக்கு ஒண்ணுதான். இதோ பாரு, வட்ட வட்டமா தகட்டு டப்பி. ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டி வெச்சிருக்கு.

பைலட்: அலை அலையா மடிப்பு...

அண்ணி: உள்ள இருந்த காத்தை உறிஞ்சிட்டு மூடிட்டாங்க. பிளேன் பக்கவாட்டுல ஒரு துளை இருக்குல்ல, அது வழியா வெளிக்காத்து இந்தப் பெரிய டப்பாவுக்குள்ள வந்து டப்பியைச் சுத்தி நிக்கும். கீழ இருக்கும்போது காத்து கனமா அமுக்கும். டப்பி ஒடுங்கி உக்காந்திருக்கும். மேல போகப் போக அமுக்கறது குறையும். டப்பி வீங்கும்.

பைலட்: உள்ள ஒண்ணுமே இல்லாம எப்படி வீங்கும்?

அண்ணி: உள்ள ஒண்ணும் இல்லாததுதான் மேல போனா நல்லா வீங்கும். உனக்குத் தெரியாததா.

பைலட்: ...வாங்கிக்கறேன். மேல சொல்லுங்க.

அண்ணி: வீங்கும்னா எவ்வளவுனு நினைக்கறே? நீ பறக்கற உசரத்துக்கு ஒரு அரிசி மணி கனம் வந்தா அதிகம். அந்தத் துளியூண்டு அசைவை இந்தக் கம்பி வாங்கி, விசிறி மாதிரி இருக்கற இந்தப் பல்சக்கரத்தைத் தள்ளும். அது பக்கத்துல இருக்கற குட்டிச் சக்கரத்தைச் சுத்தும். அங்கேருந்து இன்னொண்ணு. கடைசியில பெரிய ஊசி ஆயிரம் அடிக்கு ஒரு முழுச் சுத்து வரும்.

பைலட்: இத்தனை சக்கரத்துல ஒண்ணாவது...

அண்ணி: சிக்காது. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவுல லொடலொடனு ஆடக்கூடாதுனுதான் நீ தொடப் பாத்த அந்தச் சுருள். அச்சு உரசக்கூடாதுனு கைக்கடிகாரத்துல இருக்கற மாதிரி சின்னச் சின்னக் கல்லு.

பைலட்: மேல ஒரே குளிரு அண்ணி. உலோகம் சுருங்குமே?

அண்ணி: அதுக்குத்தான் ரெண்டு உலோகத்தை ஒட்டின இந்தப் பட்டை. குளிருக்குத் தகுந்த மாதிரி வளைஞ்சு சரிக்கட்டிடும். செஞ்சவன் உன்னைவிட முன்யோசனைக்காரன்.

பைலட்: தூசி? அழுக்கு?

அண்ணி: இருந்தா ஊசி கொஞ்சம் பின்தங்கும். இருபது அடி, முப்பது அடி. அதுக்குத்தான் கண்ணாடியை விரலால தட்டிப் பாக்கறது. முந்நூறு அடி பின்தங்கணும்னா உள்ள ஒரு பல்லி செத்துக் கிடக்கணும்.

பைலட்: கிடக்கலாமே.

அண்ணி: பதினெட்டு நாளைக்கு முன்னாடி உன் டப்பாவை இதே மேஜையில பிரிச்சு, துடைச்சு, மூடி, கையெழுத்துப் போட்டவ நான். பல்லிக்கு இடம் விடல.

பைலட்: எல்லாரும் மனுஷங்கதானே அண்ணி. அன்னிக்கு உங்களுக்கு ஏதாவது கவலை இருந்திருக்கலாம். கை தவறியிருக்கலாம். உங்களுக்கு என்ன, ஒரு எச்சரிக்கைக் கடுதாசி வரும். ஆறு மாசம் ஸ்டோர்ல உக்கார வைப்பாங்க. எனக்கு லைசன்ஸே போயிடும்.

அண்ணி: ஓ. எனக்கு எந்த நாற்காலினு வரைக்கும் முடிவு பண்ணிட்டுத்தான் வந்திருக்கே.

பைலட்: அப்படி இல்ல... குடும்பம்னு ஒண்ணு இருக்கில்ல.

அண்ணி: இருக்கு. உனக்கு இந்த வாரம்தான் ஞாபகம் வந்திருக்கு. சரி, முன்பக்கம் இருக்கற இந்தத் திருகு எதுக்கு?

பைலட்: என்ன அண்ணி, எனக்கே பாடமா?

அண்ணி: சொல்லேன். நானும் கத்துக்கறேன்.

பைலட்: இறங்கற ஊர்ல அன்னிக்குக் காத்தழுத்தம் எவ்வளவுனு டவர்ல சொல்வாங்க. அந்த எண்ணை இந்தச் சின்ன ஜன்னல்ல திருகி வைக்கணும்.

அண்ணி: வைக்கலனா?

பைலட்: மழை மேகம் திரண்டா அழுத்தம் இறங்கிடும்... டப்பிக்கு அது தெரியாது.

அண்ணி: பாவம், அதுக்குத் தெரியாது. அமுக்கறது குறைஞ்சா மேல வந்துட்டோம்னு நினைச்சுக்கும். தரையில நின்னுக்கிட்டே உசரத்துல இருக்கேன்னு சொல்லும். நாமதான் எடுத்துச் சொல்லணும். ஒரு எண்ணு தப்பினா எவ்வளவு அடி?

பைலட்: இருபத்தேழு... முப்பது.

அண்ணி: நீ கிளம்பின ஊர்ல ஆயிரத்துப் பதிமூணு. இறங்கின ஊர்ல ஆயிரத்து ரெண்டு. மீதியை நீயே பெருக்கிக்கோ.

பைலட்: ...நான் மாத்தினேன் அண்ணி.

அண்ணி: மாத்தினியா?

பைலட்: ஆயிரத்து ரெண்டுல வெச்சிட்டுத்தான் இறக்கினேன். சத்தியமா.

அண்ணி: அந்தப் பொண்ணு வேற மாதிரி சொல்லுதே. ரெண்டு தடவை ஞாபகப்படுத்திச்சாம். 'நீ பள்ளிக்கூடம் போறப்பவே நான் பறந்தவன், வாயை மூடு'ன்னியாம்.

பைலட்: வலிக்கு மருந்து குடுத்திருக்காங்க. ஏதோ உளறுது.

அண்ணி: தெளிவா உளறுது. எப்படியோ, மாத்தியிருந்தா நல்லது, ஜன்னலே சொல்லிடும்... இரு. ஆபீஸ் ரூம்ல போன் அடிக்குது.

பைலட்: எனக்குக் கேக்கலையே?

அண்ணி: உனக்குப் பக்கத்துல உக்காந்திருந்தவ கத்தினதே கேக்கல. ரெண்டு நிமிஷத்துல வரேன்.

பைலட்: நிதானமா வாங்க.

அண்ணி: ...என்ன, வாசல்கிட்ட போய் நின்னுட்டே?

பைலட்: சும்மா. காத்து வாங்கலாம்னு.

அண்ணி: வாங்கின மாதிரி தெரியலையே. நெத்தியெல்லாம் வேர்த்திருக்கு.

பைலட்: அண்ணி, பேசிட்டே இருக்கறதுக்கு அந்த டப்பாவோட ஜன்னலைப் பாத்துடலாமே. தொட வேண்டாம். குனிஞ்சு பாருங்க, போதும்.

அண்ணி: பாத்துட்டேன். ஆயிரத்து ரெண்டு.

பைலட்: நான்தான் சொன்னேனே. எண்ணு சரியா இருக்கு, ஊசி தப்பு சொல்லியிருக்கு. அப்ப கோளாறு உள்ளதான்...

அண்ணி: உள்ள இல்லனா, உள்பக்கத்தைத் துடைச்சு மூடினவகிட்ட.

பைலட்: நான் அப்படிச் சொல்லவே இல்ல.

அண்ணி: நீ எங்க சொல்லுவே? கையால செஞ்சுட்டு வாசல்கிட்ட போய் நிப்பே. நான் போறப்ப அது ஆயிரத்துப் பதிமூணுல இருந்துச்சு.

பைலட்: ...நீங்க சரியா பாத்திருக்க மாட்டீங்க.

அண்ணி: திருகி வெச்சதே நான்தான்.

பைலட்: நீங்களா? எதுக்கு...

அண்ணி: அது வேலைக்குப் புதுசா சேர்றவங்க பிரிச்சுப் பழகற டப்பா. எந்தப் பிளேன்லயும் ஏறினதே இல்ல.

பைலட்: என் பிளேன்லேருந்து கழட்டினதுன்னீங்களே.

அண்ணி: பாத்தா தெரியலையானு கேட்டேன். தெரியுது தெரியுதுன்னது நீ.

பைலட்: அப்ப... என்னோடது எங்க?

அண்ணி: அதோ, அந்த இரும்பு அலமாரியில. கழட்டிக் கொண்டுவந்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே. ஆயிரத்துப் பதிமூணுல. அதிகாரி வந்து போட்டோ எடுத்து சீல் வைக்கற வரைக்கும் சாவி என்கிட்ட. இப்போதைக்கு அந்த எண்ணு என்னனு தெரிஞ்சவ நான் ஒருத்திதான்.

பைலட்: எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே இத்தனை நேரம் நாடகமா? கூடப் பொறந்த தம்பி மாதிரி இருந்தேனே... என்னை மாட்டிவிடறதுல உங்களுக்கு அவ்வளவு ஆசையா அண்ணி?

அண்ணி: காலைல உங்க அண்ணன் என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாரு. 'அந்தத் திருகை மட்டும் திருப்பிடு, உன் பேர் கெட்டாலும் நான் இருக்கேன், அவனுக்குப் பறக்கறதை விட்டா ஒண்ணும் தெரியாது'னு. பத்து மணிக்கு அலமாரியைத் திறந்துட்டேன். திருகு மேல கையும் வெச்சிட்டேன். யாருக்காகத் திருப்பறோம்னு ஒரு தடவை பாத்துட்டுத் திருப்பலாமேனுதான் உன்னை வரவிட்டேன். நீ மட்டும் இதைத் தொடாம, 'மாத்த மறந்துட்டேன் அண்ணி'னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா... இந்நேரம் அதைத் திருப்பி வெச்சிருப்பேன்.