மாவில் தெரிந்த கோடு

அலுமினியச் சக்கரத்தை எவ்வளவுதான் தேய்த்தாலும், கடைசியில் மக்காச்சோள மாவு தூவித் துடைக்காவிட்டால் அது முழுசாகப் பளபளக்காது. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. கூழுக்கு வாங்கிய மாவை நான் கராஜுக்குத் தூக்கிக்கொண்டு போவதில் என் மனைவி மாபுலாவுக்குத் தீராத எரிச்சல். “சக்கரத்துக்குச் சோறு ஊட்டுற ஆளு இந்த மமெலோடி ஊர்லயே நீங்க ஒருத்தர்தான்” என்பாள்.

கேப்டன் அம்மா, மாவிலிருந்து தொடங்கினால்தான் இந்தப் போலீஸ் ஸ்டேஷனில் நீங்கள் கேட்டதற்குப் பதில் விளங்கும்.

நான் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். வீட்டில் பழைய கார்களின் சக்கரங்களையும் இன்ஜின் மூடிகளையும் மெருகேற்றுவேன். பெயிண்டை உரித்து, தண்ணீர் விட்டு விட்டு உப்புத்தாள் போட்டு, அப்புறம் மெழுகு வைத்து பஃபிங். ஒரு சக்கரத்துக்கு மூன்று சனிக்கிழமை ஆகும். அவசரப்படுகிறவர்களுக்கு இந்த வேலை சரிப்படாது.

என் தங்கை மொகாடியைக் கட்டியவன் மத்தோமே. எங்கள் தெருவில் குஷேஷே என்று கொண்டாடும் பழைய பெட்டிக் கார் ஒன்று அவனிடம் இருந்தது. கல்யாணப் பரிசாக அதன் நான்கு சக்கரங்களையும் கண்ணாடியாக்கிக் கொடுத்தேன். அதன் பிறகும் மெருகு மங்காமல் நான்தான் தேய்த்துக் கொடுத்துவந்தேன். அவர்கள் மகள் தெபாட்சோவுக்கு ஐந்து வயது. அவர்கள் வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வீட்டுக்குள் வரமாட்டாள். சக்கரத்தின் முன்னால் குத்தவைத்து நாக்கைத் துருத்திக்கொண்டிருப்பாள். “மாமா, உள்ள ஒரு குட்டிப் பொண்ணு இருக்கா. என்னைப் பாத்து வக்கணை காட்டுறா” என்பாள். என் வேலையைப் புரிந்துகொண்டது அந்தக் குழந்தை ஒன்றுதான்.

ஜனவரியில் மத்தோமே நான்கு சக்கரங்களுக்கும் கறுப்பு அடித்துவிட்டான். இப்போது அதுதான் மோஸ்தராம். தெபாட்சோ வழக்கம்போலக் குத்தவைத்தாள். வெகுநேரம் பார்த்தாள். “மாமா, நான் எங்க போயிட்டேன்?” என்றாள்.

மத்தோமே விழுந்து விழுந்து சிரித்தான். “ஆறு வருஷமா தேய்ச்சியே மச்சான், அரை மணி நேரத்துல போச்சு பாத்தியா?”

நான் கோபப்படவில்லை. எனக்குக் கோபம் வராது என்பதைப் பணிமனையில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். குழந்தை கேட்ட கேள்விக்கு யாராவது பதில் சொல்ல வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

மார்ச்சில் அவன் ஒரு பள்ளத்தில் காரை விட்டான். முன்பக்க இடது சக்கரத்தில் பெயிண்ட் பெயர்ந்துபோயிற்று. என்னிடம்தான் கொண்டுவந்தான். “ஈஸ்டருக்கு மூணு பேரும் ஊருக்குப் போறோம் மச்சான். அதுக்குள்ள கறுப்பு அடிச்சுக் குடு.”

கறுப்பு அடிக்கப்போகிற சக்கரத்துக்கு மெருகு தேவையில்லை. இருந்தாலும் ஏற்றினேன். மாவு தூவிவிட்டு, டீ குடித்துவிட்டு வந்து பார்த்தேன். உட்புறத்தில் ஒரு விரல் நீளத்துக்கு, மாவில் மயிரிழை போல ஒரு கறுப்புக் கோடு. வெடிப்பு இருந்தால், அதற்குள் புகுந்த மெழுகு அழுக்கு இப்படித்தான் மாவில் ஊறிக் காட்டும். அப்படிப்பட்ட சக்கரத்தை அறுத்துப் பழைய இரும்புக்குப் போடவேண்டும். நெடுஞ்சாலை வேகத்தில் அது தாங்காது. நான் மாவைத் துடைத்துவிட்டேன்.

மத்தோமே வந்தபோது அவனுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தேன். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். “இது ஒண்ணாவது இப்படியே இருக்கட்டுமே மாப்ளே” என்றேன். சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கோட்டைக் காட்டியிருப்பேன்.

“பொம்பள வளையல் மாதிரி மினுக்குது. மூடு மச்சான்” என்றான்.

மூடினேன். மூன்று பூச்சு. கோடு இருந்த இடத்தில் நான்கு. நானே காரில் மாட்டினேன். நட்டுகளைச் சரியான அளவுக்கு முறுக்கினேன், அதில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது.

பெரிய வெள்ளியன்று விடிந்ததும் மொகாடிக்குப் போன் செய்தேன். “மாபுலாவுக்குக் காய்ச்சல் கொதிக்குது. எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. அவரு முன்னால போகட்டும், நீ வந்துட்டு நாளைக்குப் பஸ்ல போ.” தாய் வந்தால் பிள்ளையும் கூட வரும் என்று கணக்குப் போட்டேன். எல்லா வீட்டிலும் நடப்பதுதானே.

மொகாடி கையில் சூப்போடு வந்தாள். மாபுலா கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மொகாடியின் பின்னால் யாரும் இல்லை.

“பாப்பா எங்க?” என்றேன்.

“காய்ச்சல் வீட்டுக்குப் பிள்ளையக் கூட்டிட்டு வருவாங்களா அண்ணே? அதான் அவங்க அப்பாவோட அனுப்பிட்டேன். கெளம்பி அரை மணி நேரம் ஆச்சு.”

போன் என் சட்டைப் பையில்தான் இருந்தது, கேப்டன் அம்மா. மத்தோமேயைக் கூப்பிட்டு ஓரமாக நிறுத்தச் சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பான். சொன்னால் வாழ்நாள் முழுக்கச் சிரிப்பான். அவன் சிரிப்பு உங்களுக்குத் தெரியாது. சூப்பை வாங்கி அடுப்பில் வைத்தேன். அது கொதித்து முடிந்தபோது மொகாடியின் போன் அடித்தது. நெடுஞ்சாலையில் சக்கரம் உடைந்து கார் உருண்டதில் அப்பாவும் மகளும் பிழைக்கவில்லை.

காய்ச்சல் இல்லாத வீட்டுக்கு அண்ணன் ஏன் கூப்பிட்டான் என்று அவள் யோசிக்க ஒரு வாரம் ஆயிற்று. நேற்று அவள் உங்களிடம் சொன்னதெல்லாம் சரி. வெடிப்பு இருப்பது தெரிந்துதான் மூடினேன். மறைத்தது கறுப்பு, நான் அல்ல என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

உடைந்த சக்கரம் உங்கள் சான்று அறையில் இருக்கிறதாமே. வழக்கு முடிந்ததும் அதன் பெயிண்டை உரிக்க எனக்கு அனுமதி வேண்டும். கீழே மெருகு அப்படியே இருக்கும். கொஞ்சம் மாவு போட்டுத் துடைத்தால் போதும், பாப்பா முகம் நன்றாகத் தெரியும்.